வழுக்கி விழுந்தவங்களை உடனே தூக்காதீங்க

வீட்டுல பெரியவங்க யாராவது வழுக்கி விழுந்துட்டா நம்ம ஊர்ல நடக்குறது எல்லா வீட்லயும் ஒண்ணுதான். சத்தம் கேட்டதும் நாலு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் கக்கத்துல கை குடுத்து தூக்கி நிறுத்திடுவாங்க, நிக்க முடியலன்னா கட்டில்ல கொண்டுபோய் படுக்க வெச்சுடுவாங்க, ஒருத்தர் சோடா வாங்க ஓடுவாரு, இன்னொருத்தர் காபி போட்டு எடுத்துட்டு வருவாங்க, பக்கத்து வீட்டு அக்கா வந்து "சுளுக்குதான், நல்லா நீவி விட்டா சரியாயிடும்"னு விளக்கெண்ணெய் பாட்டிலத் தேடுவாங்க. இதெல்லாம் கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். அப்புறம் ஆஸ்பத்திரில போய் எலும்பு உடைஞ்சிருக்கு ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னா மட்டும் நிதானம் வந்துடும், ரெண்டு மூணு நாள் உக்காந்து யோசிப்போம். எனக்கு கோவம் வர்றது இங்கதான். பொறுமையா இருக்க வேண்டிய கால் மணி நேரத்துல பறக்குறோம், பறக்க வேண்டிய ரெண்டு நாள்ல ஊர் பூரா போன் போட்டு அபிப்பிராயம் கேக்குறோம்.

நான் டாக்டர் இல்ல. எங்க அத்தை (அப்பாவோட அக்கா) பாத்ரூம்ல விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு, கேசுவாலிட்டிலேர்ந்து ஆபரேஷன், பில்லு, இன்சூரன்ஸ் டெஸ்க், பிசியோதெரபி வரைக்கும் கூடவே நின்னவன், அவ்ளோதான். எங்களுக்கு ஊரு திருத்தணி பக்கம், எலும்பு முறிவுன்னு சொன்னா தெருவே சேர்ந்து நாட்டு வைத்தியக் கட்டு போடுற புத்தூருக்கு வண்டி பிடிக்கச் சொல்ற ஏரியா. அதையும் சொல்றேன்.

அத்தை விழுந்தப்ப வீட்டுல இருந்தது அண்ணியும் மாமாவும்தான். அண்ணி ஒல்லி, மாமாவுக்கு முட்டி வலி, ரெண்டு பேராலயும் தூக்க முடியல, அதுவே நல்லதாப் போச்சு. நான் அடுத்த தெருதான், போய் நிக்கும்போது அத்தை ஈரத் தரையில சாஞ்சு கெடக்குறாங்க, மாமா வாசல்ல நின்னு "ஏண்டா வேடிக்கை பாக்குற, தூக்குடா"ன்னு கத்துறாரு. "மாமா, ஒரு நிமிஷம் இருங்க, கால முதல்ல பாருங்க"ன்னேன். வலது பாதம் வெளிப்பக்கமா சாஞ்சு சுண்டுவிரல் தரையத் தொடுற மாதிரி கெடக்குது, இடது பாதம் நேரா நிக்குது, ரெண்டு கால் மெட்டியும் ஒரே வரிசையில இல்ல, வலது கால் மெட்டி ஒரு விரல் அளவு மேல ஏறி நிக்குது. காலே குட்டையாத் தெரியுது. வலி எங்க அத்தன்னு கேட்டா தொடை இடுக்குல கை வெச்சுக் காட்டுறாங்க. வயசானவங்க விழுந்து, கால் குட்டையா, பாதம் வெளியத் திரும்பி, தொடை இடுக்குல வலின்னா, அது இடுப்பு மூட்டுப் பக்கம் உடைஞ்சிருக்குறதுக்கான அடையாளம், எக்ஸ்ரே இல்லாமலே பாதி தெரிஞ்சிடும். அந்தக் காலைப் பிடிச்சு நேராக்கவும் கூடாது, நிக்க வெச்சு "எங்க ஒரு அடி வை பாப்போம்"னு சோதிக்கவும் கூடாது. அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா, "ஒண்ணும் இல்லடா, கொஞ்சம் தைலம் தடவுனா எழுந்துக்குவேன்".

கால் திரும்பலன்னா உடையலன்னு அர்த்தம் இல்லை, அதையும் சொல்லிடணும். சில முறிவுல உடைஞ்ச துண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிட்டு நிக்கும், அவங்க நொண்டி நொண்டி நடக்கக்கூட செய்வாங்க, முதல் எக்ஸ்ரேல தெரியாமகூடப் போகும். வலி குறையாம தொடர்ந்தா சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொல்லி நாமளே கேக்கணும்.

விழுந்தவங்க கிட்ட முதல்ல கேக்க வேண்டியது, தலை அடிச்சுதா, கழுத்து வலிக்குதா, கை கால் விரல அசைக்க முடியுதா. அதோட இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம், வழுக்கி விழுந்தாங்களா இல்ல கண்ண இருட்டிட்டு வந்து விழுந்தாங்களா. ரெண்டும் வேற வேற. மயங்கி விழுந்திருந்தா இதயத் துடிப்பு, பிரஷர், சுகர் எல்லாம் பாக்கணும், சுகர் மாத்திரை போடுறவங்கன்னா வீட்டுல மெஷின் இருந்தா அங்கயே ஒரு சொட்டு எடுத்துப் பாத்துடலாம். இதை டாக்டர் கேப்பாரு, ஆனா ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல விழுந்தவங்களே கதையை மாத்திடுவாங்க, அதனால சூடா இருக்கும்போதே கேட்டு வெச்சுக்கறது நல்லது.

சோடா காபி விஷயம். எலும்பு முறிவு சந்தேகம் இருந்தா வாய்க்கு எதுவும் குடுக்காம இருக்குறதுதான் சரி, ஏன்னா மயக்க மருந்து குடுக்கணும்னா சாதாரணமா சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆகியிருக்கணும், வெறும் தண்ணின்னா ரெண்டு மணி நேரம். பாசத்துல ஊட்டுற நாலு இட்லிக்கு ஆபரேஷன் தள்ளிப் போகும்.

எந்த எலும்பும் உடைஞ்ச மாதிரி இல்ல, தலை அடிக்கல, அவங்களே எழுந்துக்குறேன்னு சொல்றாங்கன்னா அப்பவும் கையப் பிடிச்சு இழுக்காதீங்க, தோள் மூட்டு பிசகும், உங்க முதுகும் பிடிச்சுக்கும். மெதுவா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லி, முழங்கைய ஊனி, அப்புறம் முட்டி போட்டு, முன்னாடி ஒரு உறுதியான சேர் வெச்சு அதைப் பிடிச்சு அவங்களா எழுந்துக்கணும், நாம பக்கத்துல துணைக்கு மட்டும். அதுக்கு அஞ்சு நிமிஷம் ஆனாலும் பரவாயில்ல.

நாங்க அத்தையை அசைக்கல. ஈரத்த ஒத்தி எடுத்துட்டு, தலைக்கடியில துண்டு, மேல போர்வை, ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு தலையணை. 108-க்கு அடிச்சாச்சு. 2008-லேர்ந்து நம்ம மாநிலத்துல ஓடுது, இன்னமும் நெறைய பேர் அது ரோட்டுல அடிபட்டவங்களுக்கு மட்டும்தான்னு நெனைச்சுட்டு ஆட்டோல மடக்கி உக்கார வெச்சு கூட்டிட்டுப் போறாங்க, உடைஞ்ச இடுப்ப மடக்கி ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்தி இறக்குனா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வந்த தம்பி கூடவே ஸ்ட்ரெச்சரும் கொண்டு வந்தாரு, பாத்ரூம் கதவு குறுகல், போர்வையோட நாலு மூலையையும் பிடிச்சு மட்டமா நகர்த்தி வெளிய எடுத்தோம். மறக்காம எடுத்துட்டுப் போக வேண்டியது அவங்க சாப்பிடுற மாத்திரை அத்தனையும், சீட்டு கிடைக்கலன்னா அட்டையோட அள்ளிப் பையில போட்டுக்கோங்க.

எக்ஸ்ரேல தொடை எலும்போட கழுத்துப் பகுதி உடைஞ்சிருந்துச்சு. ஆர்த்தோ டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு. தொடை எலும்போட உச்சியில ஒரு பந்து, அந்தப் பந்துக்குப் போற ரத்த ஓட்டம் பெரும்பாலும் கழுத்து வழியாத்தான் ஏறுது, கழுத்து உடைஞ்சு விலகிட்டா பந்துக்கு ரத்தம் போகாது, அதனால வயசானவங்களுக்கு அது தானா கூடுறது ரொம்ப கஷ்டம், பந்தை எடுத்துட்டு உலோகத்துல வேற வெப்பாங்க. கழுத்துக்குக் கொஞ்சம் கீழ உடைஞ்சிருந்தா அது வேற ரகம், அங்க ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், உள்ள கம்பி மாதிரி நெயில் போட்டு சேத்துடுவாங்க. ரெண்டுலயும் அவசரம் ஒண்ணுதான், சேர்த்த அன்னைக்கோ மறுநாளோ, தள்ளிப் போனா நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள பண்ணிடணும்னு உலகம் பூரா சொல்றாங்க. ஏன்னா வயசானவங்களைக் கொல்றது உடைஞ்ச எலும்பு இல்ல, படுக்கை. அசையாம மல்லாக்கப் படுத்திருந்தா முதுகுல புண்ணு, நெஞ்சுல சளி கட்டி நிமோனியா, யூரின் இன்ஃபெக்‌ஷன், கால் ரத்தக் குழாய்ல ரத்தக் கட்டி, வரிசையா வரும்.

இங்கதான் குடும்ப மாநாடு ஆரம்பிச்சுது. "இந்த வயசுல கத்தி வெக்கணுமா", "சுகர் இருக்கு, புண்ணு ஆறுமா", "பெரியவனுக்கு துபாய்ல லீவு கிடைக்குமா, அவன் வந்தப்புறம் பாத்துக்கலாம்". அப்புறம் எதிர்பார்த்த மாதிரியே ஒரு சித்தப்பா, "புத்தூர் கூட்டிட்டுப் போனா முட்டையும் பச்சிலையும் வெச்சு மூங்கில் தப்பை கட்டி விட்டுருவான், ஒரே மாசத்துல நடப்பா".

புத்தூரை நான் கிண்டல் பண்ணல. எங்க ஊர்ல எத்தனையோ கை முறிவு, விரல் முறிவு அங்க கட்டிக்கிட்டு சரியாப் போயிருக்கு. எலும்புக்கு தானா கூடுற குணம் இருக்கு, விலகாத முறிவ அசையாம பிடிச்சு வெச்சா அது கூடத்தான் செய்யும், மாவுக்கட்டும் அந்த வேலையைத்தான் செய்யுது. ஆனா இடுப்பு மூட்டுக்குள்ள இருக்குற முறிவ வெளிய எந்தத் தப்பைய வெச்சு எப்படி அசையாம பிடிப்பீங்க? அதைச் சுத்தி இருக்குற தொடைச் சதை இழுத்துக்கிட்டே இருக்கும். அதே மாதிரி முழங்கை, முன்கைல கட்டு இறுக்கமாப் போச்சுன்னா உள்ள வீக்கம் ஏறி ரத்தம் நின்னு விரல் கருத்துப் போறதும், கை நிரந்தரமா மடங்கிப் போறதும் ஆர்த்தோ வார்டுல தெரிஞ்ச கதை, குழந்தைங்களுக்கு குறிப்பா. எங்க கட்டினாலும் சரி, மாவுக்கட்டா இருந்தாலும் சரி, நகத்த அமுக்கி விட்டா வெள்ளையாகி உடனே சிவப்பு திரும்பணும், விரல் மரத்துப்போனா, நீலம் பாஞ்சா, வலி மாத்திரைக்கு அடங்காம ஏறிக்கிட்டே போனா ராத்திரி ரெண்டு மணியானாலும் கட்டைப் பிரிக்கச் சொல்லி ஓடணும். காலைல பாத்துக்கலாம்னு சொல்ற விஷயம் இல்ல.

கடைசில மாமாதான் "எல்லாரும் போனை வைங்க"ன்னு ஒரு சத்தம் போட்டாரு. கையெழுத்தும் அவர்தான் போட்டாரு. அத்தை ரத்தம் உறையாம இருக்க குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுறவங்க, முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வெக்கணும்னா அதை நிறுத்தி அஞ்சு ஏழு நாள் ஆகணும்னாங்க, அதுக்குப் பதிலா முழு மயக்கம் குடுத்து சீக்கிரமா பண்ண முடியுமான்னு கேட்டோம், மயக்க டாக்டர் இதயத்துக்கு எடுக்குற எக்கோ ஸ்கேன் பாத்துட்டு சரின்னாரு. எல்லாருக்கும் இதே பதில் வரும்னு சொல்லல, ஆனா கேள்வியக் கேக்கணும், வார்டுல சும்மா காத்துட்டு இருக்கக் கூடாது. சோடியம் குறைவு, சுகர் அதிகம், ரத்தம் ஏற்பாடு ஆகல, இப்படி ஒவ்வொண்ணும் ஒரு நாளை முழுங்கும், ரவுண்ட்ஸ் வரும்போது "இன்னைக்கு எதுக்காக வெயிட் பண்றோம்"னு தினமும் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கணும், அந்த ஒருத்தர் கொஞ்சம் கூச்சமில்லாத ஆளா இருக்குறது உத்தமம்.

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே வாக்கர குடுத்து எழுப்பி நிக்க வெச்சுட்டாங்க. பாக்க வந்த சொந்தம் எல்லாம் பதறிப்போச்சு. அதுதான் வைத்தியமே. வீட்டுக்கு வந்தா தரையில உக்காரக் கூடாது, சம்மணம் கூடாது, தாழ்வான சோபா கூடாது, இந்தியன் டாய்லெட் கூடவே கூடாது, மேல ஏத்தி வெக்கிற பிளாஸ்டிக் கமோட் சேர் மெடிக்கல் ஷாப்லயே கிடைக்குது, வாடகைக்கும் தர்றாங்க.

தலை அடிபட்டா என்னன்னு தனியா சொல்லணும். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சு குழறல், ஒரு பக்கக் கை தளர்றது, கண்ணு பாப்பா ரெண்டும் ஒரே அளவுல இல்லாம இருக்குறது, இதுல எது இருந்தாலும் உடனே சி.டி. ஸ்கேன் இருக்குற ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி சாப்பிடுறவங்கன்னா ஒண்ணும் தெரியலன்னாலும் போய் காட்டிடுங்க. எங்க தெருவுல ஒரு தாத்தா படிக்கட்டுல சறுக்கி மண்டைல ஒரு வீக்கம் மட்டும் வாங்கினாரு, அப்ப நல்லாத்தான் இருந்தாரு, சில வாரம் கழிச்சு பேர் மறக்குறாரு, செருப்ப மாத்திப் போடுறாரு, வயசுக் கோளாறுன்னு வீட்டுல விட்டுட்டாங்க, அப்புறம் ஸ்கேன் எடுத்தா மூளைக்கு மேல மெதுவா ரத்தம் கசிஞ்சு தேங்கியிருக்கு. ஓட்டை போட்டு எடுத்துவிட்டதும் பழைய மாதிரி ஆயிட்டாரு. வயசானவங்களுக்கு இப்படி லேட்டா வர்றது உண்டு, விழுந்த தேதிய காலண்டர்ல குறிச்சு வெச்சா பின்னாடி உதவும்.

அடுத்தது கல்யாண மண்டபம். ஒவ்வொரு பந்திக்கும் நடுவுல டைனிங் ஹால் தரைய ஈரத் துணியால இழுத்து விட்டுருவாங்க, ரசமும் பாயசமும் சேர்ந்து தரை எண்ணெய் மாதிரி இருக்கும், பட்டுப்புடவைல பெரியவங்க வேக வேகமா எடம் பிடிக்கப் போவாங்க. என் ஃப்ரெண்டோட அம்மா அங்கதான் விழுந்தாங்க, கைய ஊனிக்கிட்டு விழுந்ததுல மணிக்கட்டு ஃபோர்க் மாதிரி வளைஞ்சுடுச்சு. கை நிறைய தங்க வளையல், மோதிரம். எல்லாரும் கார் எடுக்குறதப் பத்தியே பேசுறாங்க, சமையல் கட்டுல இருந்த ஒரு அம்மாதான் "முதல்ல வளையல கழட்டுங்க, வீங்கிட்டா வெட்டணும்"னு சொல்லி பாத்திரம் கழுவுற சோப்பத் தடவி ஒவ்வொண்ணா உருவி எடுத்தாங்க, மோதிரத்துக்கு நூல் சுத்திக் கழட்டினாங்க. அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சது மண்டபத்துல இருந்த படிச்சவன் ஒருத்தனுக்கும் தெரியல.

உடையல, சுளுக்கு மட்டும்தான்னு வெச்சுக்கோங்க, ரெண்டு நாளைக்கு ஐஸ்தான், துணியில சுத்தி கால் மணி நேரம் கால் மணி நேரமா, காலை உயரத் தூக்கி வெச்சு. சூடு, எண்ணெய், நீவுறது எதுவும் அப்ப வேண்டாம், உள்ள ரத்தக் கசிவு அதிகமாகும். முழங்கை அடிபட்டா போட்டு நீவவே கூடாது, சதைக்குள்ள எலும்பு வளந்து மூட்டு இறுகிப் போகும். கணுக்கால் பிசகினவங்க நாலு அடி நடக்க முடியலன்னா, கணுக்கால் முண்டோட பின்பக்கம் எலும்பை அமுக்கினா வலிச்சா எக்ஸ்ரே எடுத்துடணும். கை ஊனி விழுந்து, கைக் கட்டைவிரலுக்குக் கீழ இருக்குற குழி வலிச்சா முதல் எக்ஸ்ரேல தெரியாத முறிவு இருக்கலாம், பத்து பதினாலு நாள் கழிச்சு திரும்ப எடுக்கச் சொல்வாங்க, போங்க.

காசு, பேப்பர். கேசுவாலிட்டில நீங்க சொல்ற முதல் வாக்கியம் அப்படியே ஏறிடும், எங்க, எப்ப, எப்படி விழுந்தாங்கன்னு. அவசரத்துல கூட வந்தவர் ஒண்ணு, பேஷண்ட் ஒண்ணு சொன்னா பின்னாடி இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் பிடிப்பான், அதனால நடந்ததை ஒரே ஆள் தெளிவா சொல்லுங்க. அரசு ஆஸ்பத்திரின்னா ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல பதிவாகும், அந்த ஏ.ஆர். காப்பி வாங்கி வைங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருந்தா, அதாவது குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்து கார்டு எடுத்திருந்தா, வருஷத்துக்கு 5 லட்சம் வரை இருக்கு, ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடியே அப்ரூவல் வாங்கணும், அட்மிஷன் போட்டதும் அந்த டெஸ்க்குக்குப் போயிடுங்க. 2021-ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டம் ரோடு விபத்துக்கு மட்டும், பாத்ரூம்ல விழுந்ததுக்கு வராது, நிறைய பேர் அதைக் கேட்டு ஏமாந்து நிக்குறாங்க. பேங்க்ல வருஷா வருஷம் 20 ரூபா பிடிக்கிற சுரக்ஷா பீமாவும் உயிர் போனாலோ, கை கால் கண்ணு நிரந்தரமாப் போனாலோதான், கால் உடைஞ்ச ஆஸ்பத்திரி செலவுக்கு இல்ல. தனியார் பாலிசின்னா அவசர அட்மிஷன 24 மணி நேரத்துக்குள்ள சொல்லிடுங்க, புதுசா எடுத்த பாலிசியோட முதல் முப்பது நாள் காத்திருப்பு விபத்துக்குக் கிடையாது. உள்ள வெச்ச உலோகத்தோட ஸ்டிக்கர் ஒண்ணு கேஸ் ஷீட்ல ஒட்டியிருப்பாங்க, அதோட காப்பி கேட்டு வாங்குங்க, பின்னாடி எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் மறு ஆபரேஷனுக்கும் அதுதான் ஆதாரம்.

கடைலயோ ஹோட்டல்லயோ விழுந்தா நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றது "பாத்து நடக்கக் கூடாதா". ஈரத் தரைக்கு ஒரு போர்டு வெக்காத கடைக்காரன ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. விழுந்த எடத்த அப்பவே போன்ல படம் எடுங்க, செருப்பையும் சேத்து, பாத்தவங்க நம்பர் வாங்குங்க, சி.சி.டி.வி. பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி எழுத்துல குடுங்க, அது சில நாள்ல தானா அழிஞ்சிடும். காசு குடுத்து சேவை வாங்கின எடம்னா 2019 நுகர்வோர் சட்டத்துல மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள, நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், வக்கீல் இல்லாமலும் போடலாம். வேலை எடத்துல விழுந்து இ.எஸ்.ஐ. இருந்தா விபத்து ரிப்போர்ட் போடச் சொல்லி விடாம நில்லுங்க, வேலைக்குப் போக முடியாத நாளுக்கு சம்பளத்துல 90 சதவீதம் வரை வருது, வீட்டுல விழுந்ததா சொல்லிடுன்னு சூப்பர்வைசர் சொன்னா கேக்காதீங்க.

இவ்ளோ பண்ணிட்டு எல்லாரும் விட்டுடுறது, ஏன் உடைஞ்சுதுங்கற கேள்விய. நின்ன உயரத்துலேர்ந்து விழுந்து இடுப்பு உடையுதுன்னா எலும்பு ஏற்கனவே பஞ்சாப் போயிருக்குன்னு அர்த்தம். எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன் எடுத்து டி ஸ்கோர் மைனஸ் 2.5-க்குக் கீழன்னா எலும்பு தேய்மானம்னு எழுதுவாங்க, இடுப்பு உடைஞ்சவங்களுக்கு ஸ்கோர் பாக்காமலே மருந்து ஆரம்பிக்கறதும் உண்டு, வருஷத்துக்கு ஒரு டிரிப் போடுற ஊசியும் இருக்கு. டிஸ்சார்ஜ் சீட்டுல கால்சியம் மாத்திரை மட்டும் எழுதியிருந்தா திரும்பிப் போய் கேளுங்க. படுக்கைலேர்ந்து எழுந்ததும் பிரஷர் எவ்ளோ இறங்குதுன்னு படுத்து ஒரு தடவை, நின்னு ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. அத்தைக்கு இறங்குச்சு, ராத்திரி போட்ட ஒரு பிரஷர் மாத்திரையை டாக்டர் மாத்தினாரு.

பாத்ரூம்ல சுவத்துல துளை போட்டு ஸ்டீல் பிடி வெச்சாச்சு, ஆன்லைன்ல வர்ற ஒட்டுற பிடி வேண்டாம், ஈரத்துல கழண்டுக்கும், டவல் கம்பியப் பிடிச்சு எழுந்தா கம்பியோட சேந்து விழுவாங்க. பளபளன்னு இருந்த டைல்ஸ எடுத்துட்டு சொரசொரப்பா போட்டோம், அத்தைக்கு அது பிடிக்கல, அழுக்கு போகவே மாட்டேங்குதுன்னு தினமும் அண்ணி கிட்ட சண்டை. தாழ்ப்பாளையும் வெளியிலேர்ந்து திறக்குற மாதிரி மாத்தியாச்சு, அதுக்கு மாமாதான் ரொம்ப நாள் ஒத்துக்கல.